கரி வைரக் கணக்கு

1941 ஆகஸ்ட் 3, ஞாயிறு. திண்டிவனம்.

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடுகிறது, மழை இல்லை. குடையில் ஒரு கம்பி முறிந்திருக்கிறது. மூன்றாம் பாரம் வகுப்புப் பையன்களின் பரீட்சைத் தாள்கள் இன்னும் பாதி திருத்தவில்லை.

நேற்று விழுப்புரம் வாசகசாலையில் என் பிரசங்கம். தலைப்பு ‘கரியும் வைரமும்’. நாற்பது பேர் இருக்கலாம். தாசில் ஆபீஸ்காரர்கள், இரண்டு வக்கீல்கள், ரயில்வே ஆட்கள் சிலர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதுவரை இவ்வளவு பெரிய கூட்டம் கிடைத்ததில்லை.

சொன்னது, ஞாபகத்துக்கு: கரியும் வைரமும் ஒரே பொருள், கார்பன். சாதாரண நிலையில் நிலையாக இருப்பது கிராபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரி. வைரம் உண்மையில் கரியாக மாறவேண்டியது. மாற்றம் அத்தனை மந்தமாக இருப்பதால் மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இரண்டும் சரிசமமாக நிற்கும், பனிக்கட்டியும் தண்ணீரும் ஒரே தம்ளரில் நிற்பதுபோல. அதைத் தாண்டினால் வைரம் ஜெயிக்கும்.

அந்த இடம் எங்கே என்று நானே கணக்குப் போட்டேன். எரிவெப்பம், என்ட்ரோபி என்னும் ஒழுங்கின்மை அளவு, அடர்த்தி, எல்லா எண்களையும் சென்னை நண்பன் கல்லூரி லைப்ரரியிலிருந்து நகல் எடுத்து அனுப்பியிருந்தான். லாகரிதம் டேபிளோடு மூன்று வாரம். சூடு ஏற ஏறத் தேவையான அழுத்தம் குறைகிறது என்பது முடிவு. ‘நல்ல இரும்பும் நல்ல உலையும் இருந்தால் விழுப்புரத்திலேயே வைரம் செய்யலாம்’ என்றேன். கைதட்டல்.

பின்வரிசையில் நின்றிருந்த ஒருவன் கை தூக்கினான். லோகோ ஷெட் ஃபிட்டர் சவரிமுத்து (இனி ச.மு.). தெரிந்தவன்தான். காணை கிராமத்தில் எங்கள் நிலத்தில் அவன் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர்.

“சார், என்ஜின் சக்கரத்துக்கு இரும்பு டயரு ஏத்தறப்ப சூடு பண்ணித்தான் ஏத்தறோம். சூட்டுல எல்லாம் தளந்து விரியுது. வைரம் கரிய விட கெட்டின்றீங்க. சூடு பண்ணா தளந்த கரி பக்கம்தான போவணும்? கெட்டியான பக்கம் எப்டி சார் போவும்?”

“இது சக்கரம் இல்லை அப்பா, தெர்மோடைனமிக்ஸ்” என்றேன். சபை சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினான்.

ரயிலில் வரும்போது ஒரு மாதிரி இருந்தது. ‘தெர்மோடைனமிக்ஸ்’ என்று சொன்னது பதில் இல்லை. சபையைச் சிரிக்கவைத்தேன், அவ்வளவுதான். பதில் எனக்குத் தெரியுமா என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு.

நேற்று மாலை தூறல். என் மனைவி ராஜம்மாளின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு இன்று காலை விழுப்புரம் ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்தேன். ச.மு. தேடிக்கொண்டு வந்தான். கையில் கோணி சுற்றிய ஒரு பொருள்.

பிரித்துக் காட்டினான். கழித்துப்போட்ட சக்கர அச்சுத் துண்டு, முழங்கை நீளம். நடுவில் துளை போட்டு, திருகு மூடி வைத்திருக்கிறான். திருகு மரை கண்ணாடிபோல இருக்கிறது. ஃபோர்மேனிடம் கேட்டுத்தான் எடுத்தானாம்.

“உள்ள பென்சில் கரித் தூளு, கொஞ்சம் எண்ணெய். மூடிய இறுக்கிட்டு உலையில வச்சா எண்ணெய் விரிஞ்சி அமுக்கும். சரிதானா சார்?”

“சரியான யோசனை.”

“எவ்ளோ சூடு பண்ணணும்?”

“நன்றாகச் சிவக்கவேண்டும். எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது.”

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். “சர்வீசு முழுக்க வேற ஒருத்தன் செஞ்சதைத்தான் ரிப்பேர் பண்ணிக்கினு இருப்பேன். நான் செஞ்சதுன்னு ஒண்ணு இருக்கட்டும் சார்” என்றான்.

செய்து பார்த்து எழுது என்றேன். பலித்தால் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வரும் என்று அங்கேயே மனத்தில் ஓடியது. என் பெயர்தான் ஓடியது.

முக்கால் மணி நேரம் பேசினோம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு நின்றான். பெஞ்சில் இடம் இருந்தது. உட்கார் என்று சொல்லலாமென்று ஒரு முறை தோன்றியது. எதிர் பெஞ்சில் காணை ஆட்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்.

வெயில். பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரையைச் சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன்.

தப்பு.

நான்காம் பக்கம், ஏழாவது வரி. வெப்ப வேறுபாட்டிலிருந்து, சூட்டால் பெருக்கிய என்ட்ரோபி வேறுபாட்டைக் கழிக்கவேண்டும். வைரத்தின் என்ட்ரோபி குறைவு, ஆகையால் அந்த வேறுபாடே மைனஸ். மைனஸைக் கழித்தால் பிளஸ். நான் மைனஸாகவே வைத்திருக்கிறேன். ஐந்தாம் பாரம் பையன் செய்தால் காதைத் திருகுவேன்.

திருத்திப் போட்டால் எல்லாம் தலைகீழ். சூடு ஏற ஏறத் தேவையான அழுத்தம் கூடுகிறது. அறைச் சூட்டிலேயே வளிமண்டலத்தைப்போலப் பதினையாயிரம் மடங்குக்குக் கிட்ட. சிவந்த சூட்டில் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்த ஊரில் எந்த இரும்பும் தாங்காது. சூடு தளர்ந்த பக்கம், கரியின் பக்கம்தான் நிற்கிறது. அவன் டயரை வைத்துக் கேட்டானே, அதேதான்.

இன்னும் வெட்கக்கேடு: பழைய கணக்கின்படி முந்நூறு டிகிரிக்கு மேல் அழுத்தமே வேண்டாம். அப்படியானால் ஒவ்வொரு என்ஜின் அடுப்பிலும் வைரம் கொட்டியிருக்கவேண்டும். அது கண்ணில் படாமல் இல்லை. ‘மாற்றம் மந்தம், அதனால்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கடந்துபோனேன்.

ச.மு.வுக்கு உடனே எழுதவேண்டும். கார்டு எடுத்தேன்.

முதல் கார்டு: ‘என் கணக்கில் பிழை.’ கிழித்தேன். 
இரண்டாவது: ‘சில நுட்பமான திருத்தங்கள் தேவைப்படுவதால்.’ கிழித்தேன். 
மூன்றாவது: ‘பரிசோதனையைச் சற்று நிறுத்திவைக்கவும். காரணம் நேரில்.’ 

இது போதும். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி.

போடவில்லை. தபால்பெட்டி பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான். இரண்டு முறை கடந்து போனேன். ‘காரணம் நேரில்’ என்றால் நேரில் என்ன சொல்வது? தெர்மோடைனமிக்ஸ் என்று சபையில் சொன்னவன், டயர்தான் சரி என்று எப்படிச் சொல்வது?

அவன் ஆற அமரச் செய்கிறவன். இந்த வாரத்துக்குள் செய்யமாட்டான்.

பல்வலி. கிராம்பு.

ஆகஸ்ட் 16, சனி.

ராஜம்மாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது கார்டைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, எழுதி வச்சிட்டு போடாம இருக்கீங்களே. நான் கடைக்குப் போறேன், போட்டுட்டு வரட்டா?”

“வேண்டாம். இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டும். திங்கட்கிழமை நானே போடுகிறேன்.”

ஒரு வரியும் சேர்க்கவில்லை. மத்தியானம் தூங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்.

முதல் பீரியட் முடிந்து ஆசிரியர் அறை. டிரில் மாஸ்டர் விழுப்புரத்திலிருந்து தினம் ரயிலில் வருகிறவர். தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்:

“நேத்து எங்க ஊர்ல ஒரே பேஜாரு சார். லோகோ ஷெட் ஆளு ஒருத்தன் வீட்டுக் கொல்லையில வெடிகுண்டு பண்ணிக்கினு இருந்தானாம். வெடிச்சி கை போயிடுச்சாம். யுத்த காலம் பாருங்க, போலீசு வந்து வீட்டையே பொரட்டிப் போட்டாங்க.”

“பெயர்?”

“என்னமோ முத்து.”

அதற்குப் பிறகு இரண்டு வகுப்புகள் எடுத்தேன். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை போட்டிருந்தால் வெள்ளி மாலைக்குள் போயிருக்கும். ஒரே ரயில்பாதை, ஒரு மணி நேரப் பயணம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்.

சப்இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். விழுப்புரத்துக்காரர், வயது முப்பதுக்குள். மரியாதையாகவே பேசினார். ஹெட்மாஸ்டர் அறையில் மூவரும்.

“வாசகசாலையில நீங்க பேசினப்ப இந்த சவரிமுத்து வந்திருந்தானாம். உங்ககிட்ட ஏதோ கேட்டானாம். அவன வாயத் திறக்கவைக்க முடியல. ‘நானா செஞ்சேன், யாரும் சொல்லல’ன்னே சொல்லிக்கினு இருக்கான். குண்டு செய்யச் சொல்லி அவன யாராவது தூண்டி விட்டிருக்காங்களான்னு பாக்கறோம்.”

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னது, அட்சரம் பிசகாமல்: “கூட்டத்தில் பலர் வந்திருந்தார்கள். ஒரு ஃபிட்டர் ஏதோ கேட்டதாக ஞாபகம். அதற்குமேல் பழக்கமில்லை.”

அதற்குமேல் பழக்கமில்லை. பிளாட்பாரத்தில் முக்கால் மணி. அவன் அப்பா எங்கள் நிலத்தில். என் பெயரைச் சொல்லாமல் அவன் அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறான், நான் இங்கே அவனையே தெரியாது என்கிறேன்.

சப்இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லிவிட்டு ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 20, புதன்.

மல்லாட்டைத் துவையல் எனக்குப் பிடிக்கும் என்று ராஜம்மாள் வேர்க்கடலை வறுத்து அரைத்திருந்தாள். தொடவில்லை. ஏன் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், கார்டு உட்பட.

வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நானே போட்டிருப்பேனே” என்றாள். அவ்வளவுதான். பிறகு, “வேல போனா போவட்டுங்க. காணைக்குப் போய்க் கேப்பை விதைச்சிக்கலாம். அவரு கதி என்னன்னு போய்ப் பாருங்க.”

ஆகஸ்ட் 21, வியாழன்.

லீவு. காலை பாசஞ்சர். விக்கிரவாண்டியில் ஒரு கூட்டம் ஏறி யுத்தச் செய்தி பேசிக்கொண்டே வந்தது. நான் ஜன்னல் பக்கம்.

ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூலில். ச.மு. மருந்து மயக்கத்தில் தூக்கம். வலது கை முழுக்கக் கட்டு. கன்னத்தில் தீப்புண். மனைவி மரியம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்து ஒக்காந்தாரு. ஊதி ஊதி நல்லா செவந்துச்சி. மூடியோரம் லேசா பொகையுதுன்னு இறுக்கப் போனாரு. அப்பதான். மூடி பறந்து சொவத்துல குத்திக்கிச்சி. மூணு வெரலு இல்ல சார். கட்ட வெரலும் சுண்டு வெரலும்தான் மிச்சம்.”

குடையைச் சுவரில் சாய்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

“குண்டுன்றாங்க. வேலய விட்டு எடுத்துருவாங்கன்றாங்க. ஜெயிலுக்கும் அனுப்புவாங்களாம். வாத்தியாரு சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லுய்யான்னு கால்ல விழுந்தேன். ‘அவுரு படிச்ச மனுசன், வேல போயிடும்’னுட்டாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்: “ஏன் சார், நீங்க சொல்லித்தான செஞ்சாரு?”

“ஆமாம்.”

“அப்ப அத அங்க போய்ச் சொல்லுங்க.”

ஸ்டேஷன் வாசல்வரை போனேன். போலீஸ் ஸ்டேஷன் அல்ல, ரயில்வே ஸ்டேஷன். வண்டி ஏறி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி.

மறுபடி காலை பாசஞ்சர். கணக்குத் தாள்கள் பதினொன்றும் கையில், பழையது, திருத்தியது இரண்டும். இந்த முறை நேரே போலீஸ் ஸ்டேஷன்.

சப்இன்ஸ்பெக்டர், ரைட்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள். செவ்வாய்க்கிழமை பொய் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அதைச் சொன்ன பிறகு மற்றது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“கரியிலேருந்து வைரமா?” கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்தார். “அப்ப எங்க வீட்டு அடுப்புல?”

“அதேதான். அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்” என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

சப்இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். “எங்க தப்பு? காட்டுங்க.”

நான்காம் பக்கம், ஏழாவது வரி. விரல் வைத்துக் காட்டினேன்.

“இது கூட்டலா இருந்திருக்கணுமா?”

“ஆமாம்.”

“கூட்டலா இருந்தா?”

“சூடாக்கினால் வைரம் வராது, அதற்கு ஆகும் அழுத்தத்தை இந்த இரும்பு தாங்கவும் தாங்காது என்று தெரிந்திருக்கும். நான் செய்யச் சொல்லியிருக்கமாட்டேன்.”

“எண்ணெய ஊத்தி மூடி சூடு பண்ணா வெடிக்கும்னு கணக்கு இல்லாமலே தெரியாதாங்க?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. தாளில் அழுத்தம் ஓர் எழுத்து, அவ்வளவே. ஓர் இரும்புக் குழாயைச் சிவக்கக் காய்ச்சினால் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பான் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

வாக்குமூலம் எழுதினேன். ‘நடேசனாகிய நான் தவறான கணக்கின் பேரில் இந்தப் பரிசோதனையைச் செய்யும்படி சொன்னேன். இது வெடிகுண்டு அல்ல.’ அதையே இங்கிலீஷிலும் எழுதச் சொன்னார். இரண்டு முறை எழுதியது நல்லது என்று பட்டது.

“கேஸு இல்லன்னு மேல எழுதிடறேன். உங்க ஸ்கூலுக்கும் தெரியப்படுத்தணும். வேற வழியில்லீங்க.”

“தெரியப்படுத்துங்கள்.”

“வயசு?” என்று ரைட்டர் கேட்டார். எனக்கு முப்பத்திரண்டு. ச.மு.வுக்கு என்ன வயது என்று அவர் தம் காகிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார், முப்பத்தெட்டு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் முன்பக்கங்களைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் ‘அவன்’.

ஆகஸ்ட் 23, சனி.

வார்டில் கான்ஸ்டபிள் இல்லை. ஸ்டூல் மட்டும் இருந்தது. அவர் விழித்திருந்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

“கேஸு இல்லன்னாங்க. நீங்க போய் சொன்னீங்களாமே சார். எதுக்கு?” என்றார். “ஒங்க வேல?”

“அது பரவாயில்லை. சவரிமுத்து, என் கணக்கு தப்பு. நீங்கள் அன்றைக்கு டயரை வைத்துக் கேட்டதுதான் சரி. சூடு பண்ணப் பண்ண வைரம் தூரத்தான் போகும்.”

நான் ‘நீங்கள்’ என்றதை மரியம்மா கவனித்தாள். அவர் கவனித்தாரா தெரியாது. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

“அப்ப எவ்ளோ அமுக்கணும்?”

சொன்னேன்.

“யப்பா” என்றார். பிறகு, “சரி சார். கணக்குல தப்பு வரும். நானும் மரை தப்பா வெட்டியிருக்கேன். எல்லாருக்கும் வர்றதுதான்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கிடைத்தாகிவிட்டது. எழுந்து வந்திருக்கலாம். நாற்காலியும் பெஞ்சும் எனக்கு, நிற்பது அவருக்கு என்று இத்தனை நாளும் எடுத்துக்கொண்டது போதும் என்று தோன்றியது.

“தப்பு என்று எனக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. கார்டு எழுதினேன். போடவில்லை.”

“எந்த வியாழக்கெழம?”

“வெடித்ததற்கு முந்தின வியாழன்.”

“மூணு நாளு முன்னாடியா?”

“ஆமாம்.”

“ஏன் போடல?”

“வெட்கமாக இருந்தது.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தூக்கி மார்மேல் வைத்துக்கொண்டார். அரை மணி உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை.

மரியம்மா வராந்தாவரை வந்தாள். “நீங்க கெளம்புங்க. நாளைக்கு வர வேணாம்.”

ஆகஸ்ட் 26, செவ்வாய்.

நல்ல மழை. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். போலீஸ் கடிதம் மேஜைமேல். கமிட்டி கூடி முடிவு செய்யும்வரை விஞ்ஞானம் வேறு ஒருவருக்கு. லேபரட்டரி சாவியைக் கொடுத்துவிட்டேன். கீழ்வகுப்புத் தமிழ் எனக்கு.

“அன்றைக்கு என் முன்னாலேயே பொய் சொன்னீர்” என்றார். அவருக்கு வருத்தம் அதுதான். கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆண்டு மலரிலிருந்து கட்டுரையை வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. டிரில் மாஸ்டர் மட்டும் வந்து வெற்றிலை நீட்டினார்.

ஆகஸ்ட் 30, சனி.

நேற்று டிரில் மாஸ்டர் வழியாகச் சவரிமுத்து சொல்லி அனுப்பியிருந்தார்: இங்கிலீஷில் ஒரு மனு எழுதவேண்டும், வரமுடியுமா என்று.

போனேன். வீட்டுக்கு வந்துவிட்டார். லோகோ ஷெட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. முதல் முறை அந்தத் தெருவுக்குள் போகிறேன். கொல்லைச் சுவரில் மூடி குத்திய இடம், ஒரு தேங்காய் அளவு. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாயை விரித்து உட்காரச் சொன்னார். ‘சார்’ என்ற சொல் வரவில்லை. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. மரியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஃபிட்டர் வேல இனிமே ஆவாது. டூல் ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கற வேல இருக்கு. ஃபோர்மேன் எழுதிக் குடுன்னாரு. ஜல்தியா குடுத்தா நடக்கும்.”

எழுதினேன். விபத்துக்குக் காரணம் என் தவறான கணக்கு என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்தேன். படித்துக் காட்டச் சொன்னார். தமிழில் சொன்னேன். அந்த வரியில் நிறுத்தினார்.

“அது வேணாம். இது என் மனு. இதுல ஒங்க கத எதுக்கு?”

அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். நியாயம்தான். அங்கும் என்னைத்தான் நுழைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் என் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து அவர் பக்கம் வைத்தேன். ரேகை வைக்க. திண்டிவனத்திலிருந்து நினைவாக எடுத்துப் போயிருந்தேன். உதவி என்றே நினைத்தேன்.

மைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

“நான் மூணாம் பாரம் வரைக்கும் படிச்சவன்” என்றார். “பேனாவக் குடுங்க.”

இடது கையில் வாங்கினார். தாள் நகர்ந்தது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன்.

“வுடுங்க. நான் புடிச்சிக்கிறேன்.”

கட்டுப்போட்ட கையைத் தாள்மேல் வைத்து அழுத்திக்கொண்டு எழுதினார். ‘ச’ மூன்று முறை தொடங்கினார். ‘சவரி’ என்று வர வெகுநேரம் ஆயிற்று. கோடு தாண்டி, மேலே ஏறி, சின்னப் பிள்ளை எழுத்து. நெற்றியில் வேர்வை. கட்டின் ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தது.

மரியம்மா, “போதும்யா” என்றாள்.

“இன்னும் மூணு எழுத்து” என்றார்.

நான் மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.